கிரிவலம் வந்த சுவரும் மச்சானின் முழங்காலும்

1

நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் கைபேசி எனக்கு நினைவுநாள் கொண்டாடியது. ‘ஓராண்டுக்கு முன் இதே நாளில்’ என்று பூப்போட்ட எழுத்துகள், கீழே ஒரு வீடியோ. பின்பக்கம் மட்டும் தெரிகிற ஒரு தடித்த மனிதர், பல நிறக் குமிழ்கள் பதித்த ஒரு சுவரில் பல்லியைப் போல ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறார். இடுப்பில் கயிறு. பின்னணியில் நாதஸ்வரம். மேலே தலைப்பு: ‘மாமா கிரிவலம் போறார்.’

அந்த மாமா நான்தான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்திருப்பீர்கள். தேரடித் தெருவில் காய்கறி வாங்கப் போன என் தங்கையிடம் கடைக்காரர், அண்ணன் சுவரை விட்டு இறங்கிவிட்டாரா என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் இருக்கும் என் பள்ளித் தோழன் பௌர்ணமிதோறும் அதை எனக்கே அனுப்பி, இன்றைக்கு எத்தனை சுற்று என்று கேட்கிறான்.

எடுத்தவன், நாதஸ்வரம் சேர்த்தவன், தலைப்பு வைத்தவன், குடும்பக் குழுவில் போட்டவன் எல்லாம் ஒரே ஆள். என் மனைவி கவிதாவின் தம்பி தனசேகர். கீழ்பென்னாத்தூர்க்காரன். எங்களைப் பார்த்து இங்கிலாந்தில் இந்த ஷெஃபீல்டுக்கு வந்து, எங்கள் வீட்டு மாடியறையில் தங்கி, எங்கள் குக்கரில் சோறு தின்று, பிறகு தனிவீடு போனவன். இந்தக் குறிப்பு அவனை நான் பழிவாங்கியதைப் பற்றியது. இதில் நல்லெண்ணம் எங்காவது தென்பட்டால் அது கைப்பிழை.

2

நடந்தது இதுதான். என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. இங்கே பிள்ளைகளுக்கு அந்த வயதில் அப்பா என்பவர் காரோடு இணைந்த ஓர் உதிரிபாகம். கொண்டுபோய் விடலாம், கூட்டி வரலாம், இடையில் அணைத்து வைக்கலாம். அவள் வாரம் மூன்று நாள் மலையேற்றப் பயிற்சிக் கூடத்துக்குப் போவாள். நான் வெளியே காரில் உட்கார்ந்து ஊர்ச் செய்தி படிப்பேன். அவளுடைய தமிழ், சாப்பாட்டு மேசையைத் தாண்டுவதில்லை. என்னுடைய ஆங்கிலம், நான் பல்செட் செய்யும் ஆய்வகத்தைத் தாண்டினால் திக்கும். ஆகவே காரில் நிம்மதியாகவே இருந்தோம், இருவரும்.

ஒருநாள் தனசேகர் அவளோடு ஏறப் போனான். மாமனும் மருமகளும் சிரித்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்ததும் எனக்கு எங்கேயோ எரிந்தது. அடுத்த வாரம் அவர்கள் இருவரோடு நானும் உள்ளே போனேன்.

வாசலிலேயே ஒரு படிவம். இந்த விளையாட்டில் காயமோ மரணமோ நேரலாம் என்பது எனக்குப் புரிந்திருக்கிறது என்று கட்டத்தில் குறியிட வேண்டும். ஊரில் என் அப்பா ஓய்வூதியத்துக்காக வருடாவருடம் தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். இங்கே செத்தாலும் சம்மதம் என்பதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் வழக்கம்போல அப்பா பெயரைப் போட்டேன். அதனால் அந்தக் கூடத்தில் இன்றுவரை நான் அருணகிரி இல்லை, மிஸ்டர் கோவிந்தசாமி. பரண்மேல் ஏறவே ஆள் கூப்பிட்ட மனிதரின் பெயர், தினமும் சுவரேறுகிறவர்களின் பட்டியலில் இருக்கிறது.

என் இடுப்பிலிருந்து சுவர் உச்சி வளையத்துக்குப் போய்த் திரும்பி வரும் கயிற்றைக் கீழே பிடித்திருந்தவள் இனியா. என் எடைக்கு அவள் மேலே பறந்துவிடாமல் இருக்க, அவள் இடுப்போடு ஒரு மணல் மூட்டையைக் கட்டினார்கள். அப்போதே என் மானம் தரையிலிருந்து ஓரடி இறங்கிவிட்டது. நான் மாடி ஜன்னல் உயரம் வரை ஏறினேன். பிறகு கீழே பார்த்தேன்.

பார்த்திருக்கக் கூடாது.

கையை விட்டு அப்படியே உட்கார்ந்தால் கயிறு தாங்கும், அவள் மெல்ல இறக்கிவிடுவாள். இதுதான் முதல் பாடம். “அப்பா, விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்” என்று அவள் கீழேயிருந்து சொன்னாள். பணியாளர் ஓடிவந்து, கோவிந்தசாமி, விட்டுவிடுங்கள் என்றார். நான் விடவில்லை. மேலே போகவும் முடியாது, கீழே வரவும் தெரியாது. அப்போது என் கால்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தன. திருவண்ணாமலையில் பிறந்தவனுக்கு மலை என்றால் ஏறுவதற்கல்ல, சுற்றுவதற்கு. சுவாமியையே மிதிக்கலாமா? தீபத்துக்குக் கொப்பரை எடுத்துக்கொண்டு ஏறினாலும் மலையை மிதித்ததற்குப் பிறகு பிராயச்சித்தம் செய்கிற ஊர் நம் ஊர். அந்தச் சுவர் கூடத்தின் நடுவில் தனிக் குன்று போல நிற்பது. நான் அதைச் சுற்றத் தொடங்கினேன். அதுவும் முறை பிசகாமல், வலம் வரும் திசையில்.

முதல் மூலை திரும்பியபோது என் கயிறு இன்னொரு பையனின் கயிற்றில் சிக்கியது. இரண்டாவது மூலையில் ஒரு தம்பதியைச் சேர்த்துக்கொண்டேன். கடைசியில் ஏணி கொண்டுவந்து எங்கள் எல்லோரையும் பிரித்தெடுத்தார்கள். நான் இறங்கியதும் அனிச்சையாகக் கைகூப்பினேனாம். வீடியோவில் அது மிகத் தெளிவாக இருக்கிறது.

3

ஊரே சிரித்ததை நான் தாங்கிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய அடி சில மாதம் கழித்து விழுந்தது.

இனியாவின் மலையேற்றச் சங்கம் இலையுதிர்கால விடுமுறையில் பிள்ளைகளை வேல்ஸ் மலைகளுக்கு அழைத்துப் போகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கயிறு பிடிக்க ஒரு பெரியவர் கூட வர வேண்டும். அவர் பெயரைக் கோடை முடிவதற்குள் கொடுக்க வேண்டும், தகுதி உண்டா என்று சங்கம் பார்க்கும். இனியா மாமன் பெயரை எழுதியிருந்தாள்.

ஏன் என்று கேட்டேன். கோபமாக இல்லை, சாம்பார் ஊற்றிக்கொண்டே, சாதாரணமாக. அவளும் சாதாரணமாகவே சொன்னாள்.

“அன்னைக்கு நான் பிடிச்சிருக்கேன்னு சொன்னேன். நீங்க நம்பல. என் கயித்த நம்பாதவங்க கிட்ட என் கயித்த எப்படிப்பா குடுக்கறது?”

அவள் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி வருடக்கணக்காகிறது. இதற்காகவா பேச வேண்டும்?

அன்றிரவு கவிதாவிடம், உன் தம்பியை விடமாட்டேன் என்றேன். அவள் புரண்டு படுத்து, “அவன் சின்னப் பையங்க” என்றாள். முப்பத்தெட்டு வயது.

4

பழிவாங்குவதற்கு முதலில் படிப்பு வேண்டியிருந்தது. ஏறும் பாதைகளுக்கு உலகத்தில் ஆளுக்கொரு மதிப்பெண் முறை. பிரெஞ்சுக்காரர்கள் எண்ணும் எழுத்தும் வைத்திருக்கிறார்கள்: 5, பிறகு 6ஏ, 6பி என்று ரேஷன் கடை வரிசை போல ஒழுங்காகப் போகும். அமெரிக்காவில் எல்லாமே ஐந்தில் தொடங்கும். 5.9-க்கு அடுத்தது 5.10. எங்கள் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் அந்த நாட்டையே பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார்.

பிரிட்டிஷ்காரன் முறைதான் எனக்குப் பிடித்தது. அவன் எண்ணை நம்பவில்லை, பெயரடையை நம்பினான். ‘கடினம்’ என்று ஒரு தரம். அது கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் எளிது. ‘மிகக் கடினம்’ என்றால் வயதானவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலாற ஏறுவது. அதற்கு மேல் ‘கடுமை’, ‘கெட்டிக் கடுமை’, ‘மிகக் கடுமை’ என்று போய், சொல் தீர்ந்தபிறகு வேறு வழியில்லாமல் எழுத்தும் எண்ணுமாக முடிகிறது. பக்கத்தில் ஒரு சின்ன எண்ணும் எழுத்தும் இருக்கும், அது ஒற்றை அசைவு கைக்கு எவ்வளவு சிரமம் என்பது. முன்னால் உள்ள பெயரடை மொத்தத்தில் வயிற்றை எவ்வளவு கலக்கும் என்பது. வயிற்றுக்குத் தனி மதிப்பெண் போடும் ஒரு தேசத்தை மரியாதையில்லாமல் எப்படிப் பேசுவது?

கூடத்தின் சுவரில் இந்த முறைகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு ஒப்பீட்டு அட்டவணை தொங்குகிறது. தனசேகர் உள்ளே 6பி ஏறுகிறவன். அதை அவன் தன் பெயருக்குப் பின்னால் பட்டம் போலச் சொல்வான். அட்டவணைப்படி ‘மிகக் கடுமை’ என்பது அவனுக்குப் பல படி கீழே. ஆனால் அட்டவணை ஒன்றைச் சொல்வதில்லை. இந்த ஊரைச் சுற்றியுள்ள மணற்பாறைகளில் குமிழ் கிடையாது, விரல் வைக்க விளிம்பும் குறைவு. வெறும் பிளவு. பிளவுக்குள் முஷ்டியைத் திணித்து, வீங்கச் செய்து, அதன்மேல் தொங்க வேண்டும். காலைப் பக்கவாட்டில் செருகித் திருக வேண்டும். இதைக் கூடத்தில் யாரும் பழகுவதில்லை, போட்டோவுக்கு நன்றாக இருக்காது.

இதை எனக்குச் சொன்னவர் ஹெலன். சங்கத்தில் பயிற்சி தருகிறவர், ஓய்வுபெற்ற தபால்காரர். நான் வாரம் இருமுறை அவரிடம் போய்க் கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அதில் ஒரே ஒரு சட்டம்தான்: இழுத்துப் பிடிக்கும் கை எதற்காகவும் கயிற்றை விடாது. மூக்கு அரித்தாலும் சரி, குளவி கொட்டினாலும் சரி. பிளவு ஏறுவதை மட்டும் வீட்டில் பழகினேன், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில். ஃபிரிட்ஜ் பின்னாடி என்ன விழுந்துவிட்டது என்று கவிதா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

5

பிறகு சாமான். காலணிக் கடைப் பெண் என் பாதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொரு பெண்ணை அழைத்துவந்தாள். சின்ன வயதிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி செருப்பில்லாமல் மலை சுற்றிய பாதம் அது, முன்பக்கம் முறம் போல விரிந்திருக்கும். ஏறும் காலணி விரலை ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது என்றார்கள். பெட்டி பெட்டியாக அடுக்கி, கடைசியில் தட்டையான, கெட்டியான, கறுப்பான ஒரு ஜோடி பொருந்தியது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது.

தனசேகர் அதைப் பார்த்து, “என்ன மாமா, ஸ்கூல் ஷூவா? சாக்ஸ் எங்க?” என்றான். அவனுடையது வாழைப்பழம் போல முன்னால் வளைந்த, ஆரஞ்சு நிற வித்தை. குமிழில் நுனிவிரலால் நிற்க அதைவிட நல்லது கிடையாது. பிளவில் செருகித் திருகினால் அது காலணி இல்லை, போலீஸ் விசாரணை. இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லக் கடமைப்பட்டவன் என்று தோன்றவும் இல்லை.

இடுப்புப் பட்டை வாங்கும்போதுதான் சங்கடம். இடுப்பெலும்புக்கு மேலே கட்டு என்றார்கள். எனக்கு அந்த எலும்பு இருந்த இடம் தெரிந்து பல வருடங்கள் ஆகின்றன. கடைப் பெண்ணும் நானும் சேர்ந்து தேடினோம். ஒரு ஹெல்மெட்டும் வாங்கினேன். பிளவில் திணிக்கும்போது புறங்கை உரியாமலிருக்க ரப்பர் கையுறை ஒரு ஜோடி, அதை மட்டும் பையின் அடியில் ஒளித்து வைத்தேன்.

தூண்டில் போடுவது சுலபமாக இருந்தது. ஞாயிறு மதிய விருந்தில் பெருமூச்சு விட்டேன். ஒரு பாதை இருக்கிறதாம், ‘மிகக் கடுமை’யாம், எனக்கெல்லாம் எங்கே ஆகும், யாராவது ஏறிக் காட்டினால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றேன். அவன் கறியை மென்றபடியே, “அதெல்லாம் எனக்கு வார்ம்-அப் மாமா. நாள் சொல்லுங்க” என்றான்.

சொன்னேன்.

6

பாறை, ஊருக்கு வெளியே ஒரு மேட்டின் விளிம்பில். ஹெலன் மேலேறிப் போய் நங்கூரம் கட்டி, அதில் கோத்த கயிற்றின் இரு முனைகளையும் கீழே தொங்கவிட்டு, தன்னையும் கட்டிக்கொண்டு விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தனசேகர் சிரித்தான். இனியா சிரிக்கவில்லை. மேலேயிருந்து ஹெலன், அவர் என்ன செய்கிறார் என்று கேட்டபோது, பெர்மிஷன் கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

முதலில் நான் ஏறினேன், கயிறு இனியாவின் கையில். அழகாக ஏறினேன் என்று யாராலும் சொல்ல முடியாது. சாக்குக்குள் போன பெருச்சாளி மாதிரி இருந்தது என்று தனசேகர் வருணித்தான். முழங்கை உரிந்தது, முனகல் பக்கத்துப் பாறைவரை கேட்டது. ஆனால் முஷ்டி பிடித்தது, ஸ்கூல் ஷூ பிடித்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் கையை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான். ஆனால் விட்டேன். அவள் இறக்கினாள்.

தனசேகர் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, யார் பிடிப்பது என்று கேட்டான். இனியாவுக்கு இரு கையும் சிவந்திருந்தது, மணல் மூட்டைக்குப் பதில் தன்னை ஒரு பாறையோடு கட்டிக்கொண்டு என்னை இறக்கிய பலன். நான் முன்னால் வந்தேன். அவன் முகம் கொஞ்சம் மாறியது. அவள் அவன் முடிச்சையும் என் இடுப்பில் கயிற்றை மாட்டிய பூட்டையும் தானே ஒருமுறை சோதித்துவிட்டு, தள்ளிப் போய் ஒரு கல்மேல் உட்கார்ந்தாள்.

முதல் சில அடி அவன் ஆடிக்கொண்டே போனான். பிறகு விளிம்புகள் முடிந்தன. விரலால் தடவித் தேடினான், குமிழ் எங்கே என்று. இல்லை. பிளவுக்குள் கையை விட்டான், வழுக்கியது. வாழைப்பழக் காலணியைச் செருகினான், அலறினான். கடைசியில் பயத்தில் முழங்காலையே பிளவுக்குள் தள்ளினான். அது நன்றாக உள்ளே போனது. வெளியே வரவில்லை.

“மாமா, மாட்டிக்குச்சு” என்றான். குரல் அவனுடையதாக இல்லை.

கிட்டத்தட்ட ஒரு வருடமாக நான் ஒத்திகை பார்த்த தருணம். கைபேசி என் வலது பையில் இருந்தது. அவனுடைய ஆரஞ்சுக் கால் ஒன்று காற்றில் உதைத்துக்கொண்டிருந்தது, வெளிச்சமும் பிரமாதம். என் வலது கையோ கயிற்றில்.

இன்னொன்றும் இருந்தது: என் பயம். இப்போது கயிற்றைத் தளர்த்தினால் அவன் எடை முழுவதும் அந்த முழங்கால்மேல் இறங்கும். பக்கத்தில் சுற்றி வர ஏதாவது இருந்தால் சுற்றப் போயிருப்பேன். ஆனால் கையில் கயிறு. நான் நகர்ந்தால் அவனும் நகர்வான். ஆகவே நின்றேன்.

“கால இழுக்காத தனா. இழுத்தா இன்னும் இறுகும். நான் டைட்டா பிடிக்கறேன், நீ ஒரு சாண் மேல ஏறு. மேல. கீழ இல்ல.”

“முடியல மாமா.”

“முடியும். மூச்சு விடு. ஏறு.”

கயிற்றை இறுக்கி என் எடை முழுவதையும் அதில் போட்டேன். இந்த உடம்பு வாழ்நாளில் உருப்படியாகச் செய்த காரியம் அது. அவன் ஒரு சாண் உயர்ந்தான், முழங்கால் திரும்பியது, பேன்ட் துணியைக் கொஞ்சம் பிளவுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு வெளியே வந்தது. அவன் காற்றில் ஊசலாடிக் கயிற்றில் உட்கார்ந்தான். பத்திரமாக.

நான் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தேன். கயிற்றில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆபத்து எதுவும் கிடையாது, மானம் மட்டும்தான் தொங்கும்.

“இறக்குங்க மாமா.”

“இருப்பா, என்ன அவசரம். வியூ எப்படி இருக்கு?”

“மாமா, ப்ளீஸ்.”

“அந்த வீடியோவுக்கு என்னமோ பேர் வச்சியே. எனக்கு மறந்துபோச்சு.”

அவன் முனகினான். ஹெலனுக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்றேன். சொன்னான். நாதஸ்வரம் என்ன ராகம் என்று கேட்டேன். தெரியாது என்றான். தெரியாமலா போட்டாய் என்று வருத்தப்பட்டேன். ஒரு டீ குடிக்கும் நேரம் இப்படி இலக்கியமாகப் போனது. பிறகு இனியா, “அப்பா, போதும்” என்றாள். உடனே இறக்கினேன். மெதுவாக, முட்டைக் கூடை இறக்குவது போல.

7

கால் தரையில் பட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி: “எடுத்தீங்களா மாமா?”

என் மனம் எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். எடுத்தேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும், ஆயுள் முழுக்க இவன் எனக்கு அடிமை. ஆனால் எடுத்தேன் என்றால், எந்தக் கையால்? கல்மேல் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்ஸா, தனசேகரா?

“இல்ல” என்றேன். “ரெண்டு கையும் கயித்துல இருந்துச்சு.”

அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கூடவே அந்தச் சிரிப்பும். “அப்ப கத முடிஞ்சுது. கால் லேசா புடிச்சுகிச்சு, நானே எடுத்துட்டேன். அவ்ளோதான மாமா?” என்று உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டான். ஊருக்குப் போகும் செய்தி அவன் வாயில் அப்போதே தயாராகிவிட்டது. அதில் கயிறு பிடிக்கத் தெரியாத ஒரு மாமா இருப்பார் என்பதும் எனக்குத் தெரிந்தது.

“நான் எடுத்தேன் மாமா” என்றாள் இனியா. காலணியைக் கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல். “முழுசா.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் பின்சீட்டில் கிழிந்த பேன்ட்டைத் தடவிக்கொண்டே வந்தான். அவனை அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம். கதவு மூடும் வரை பொறுத்திருந்து நான் கையை நீட்டினேன்.

“காட்டு, காட்டு.”

“எடுக்கல.”

“என்னது?”

“எப்படிப்பா எடுக்கறது? நான் உங்க கையத்தான பாத்துட்டு இருந்தேன்.”

நான் காரைக் கிளப்பவில்லை. அவள் கைபேசியில் சங்கத்தின் பக்கத்தைத் திறந்து, எதையோ அழித்து, எதையோ எழுதினாள். பிறகு, குடும்பப் பெயர் என்கிற இடத்தில் தாத்தா பெயரையே போடட்டுமா என்று கேட்டாள். போடச் சொன்னேன். கோவிந்தசாமி வேல்ஸ் போகிறார்.

போன ஞாயிறு தனசேகர் சாப்பிட வந்தான். சாப்பிட்டதும் யாரும் சொல்லாமலே எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா மாமா என்று பணிவாகக் கேட்டான். இனியா தன் கைபேசியை எடுத்து, எதையோ பார்த்து, லேசாகச் சிரித்தாள். அடிப்பிடித்த குக்கர் ஒன்று அடுப்பின்மேல் ஊறிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துக் கொடுத்தேன்.